முதல் கவளம்

எங்கள் துறையில் இப்போது வேலை பார்க்கும் பிள்ளைகள் போன வாரம் ஃபோன் செய்தார்கள். நோயாளிகளின் கையில் கட்டும் சென்சார் பட்டைகள் புதிதாக நிறைய வந்திருக்கின்றனவாம். இனி வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு, பட்டை அனுப்புவதை வைத்தே பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சு நடக்கிறதாம். "மேடம், பட்டையை முதல்ல கட்டிவிட்டதே நீங்கதானே? உங்க அனுபவத்தை எழுதிக் கொடுங்க, ஆஸ்பத்திரி மலர்ல போடறோம். கொஞ்சம் பாசிட்டிவா இருக்கட்டும்" என்றாள் ஒருத்தி.

எழுதித் தருகிறேன், ஆனால் தமிழில்தான் எழுதுவேன், வேண்டுமானால் நீங்கள் ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதி எழுதிப் பழகிய கை இது. 'நான்' என்று வரவேண்டிய இடத்தையெல்லாம் நைசாகத் தாண்டிவிடும். இந்த விஷயத்தில் நான் தாண்டக்கூடாது. பாசிட்டிவாக எழுதவும் என்னிடம் சரக்கில்லை. பட்டையைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். மும்பை மாட்டுங்காவில் பிறந்து, படித்து, கல்யாணமாகி, இன்னும் அங்கேயேதான் இருக்கிறேன். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் நரம்பியல் பிரிவில் சேர்ந்தேன், அங்கேயே ஓய்வும் பெற்றேன். படிப்பையும் பயிற்சியையும் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. எல்லோரும் படித்ததைத்தான் நானும் படித்தேன், எல்லோரும் வாங்கின திட்டைத்தான் நானும் வாங்கினேன். உண்மையில் வேலை கற்றுக்கொண்டது டாக்டர் நீலகண்டனிடம்.

அவர் எங்கள் பிரிவின் தலைவர். செம்பூர்க்காரர். வெளியே எல்லோரிடமும் ஆங்கிலமும் இந்தியும்தான், கதவைச் சாத்தினால் என்னோடு தமிழ். யாராவது நோயாளியைப் பற்றிச் சொல்ல வந்தால் முதலில் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜைமேல் குப்புற வைப்பார். அதற்குப் பிறகுதான் காது கொடுப்பார். நாம் எது சொன்னாலும் அவரிடமிருந்து ஒரே கேள்விதான் வரும்: "பார்த்ததா, கேட்டதா?"

"மாடி ஏறறார் சார்" என்று சொன்னால் போச்சு.

"பார்த்தியா, கேட்டியா?"

"அவர் பையன் சொன்னான் சார்."

"அப்ப பையன் சொன்னான்னு சொல்லு. ஏறறார்னு சொல்லாதே."

ஆரம்பத்தில் எனக்கு இந்த மனுஷர்மேல் பற்றிக்கொண்டு வரும். பிறகு அதுவே எனக்கும் தொற்றிக்கொண்டது. வீட்டில் என் கணவர் "பால் வந்தாச்சு" என்றால்கூட, "பார்த்தேளா, கேட்டேளா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டேன்.

எங்களிடம் வந்தவர்களில் பலருக்கு மோட்டார் நியூரான் நோய். தசைகளை அசைய வைக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். கையில் தொடங்கலாம், காலில் தொடங்கலாம், பேச்சில் தொடங்கலாம். கடைசியில் விழுங்குவதும் மூச்சு விடுவதும் சிரமமாகிவிடும். புத்தி மட்டும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். தனக்கு என்ன நடக்கிறது என்பதை உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நோய் அது.

நோய் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று அறிய எங்களிடம் ஒரு கேள்விப் பட்டியல் இருந்தது. வெளிநாட்டில் தயாரித்தது. அதில் ஒரு கேள்வி, கத்தியும் முள்கரண்டியும் வைத்து உணவை வெட்ட முடிகிறதா என்பது. தாராவியில் போய் இதைக் கேட்டால் சிரிக்கமாட்டார்களா? டாக்டர் நீலகண்டன் அதை அடித்துவிட்டு, "சோற்றைப் பிசைந்து, கவளம் எடுத்து, வாய்க்குக் கொண்டுபோக முடிகிறதா" என்று மாற்றினார். கூடவே ஒரு சட்டமும் போட்டார். வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு வேளைச் சாப்பாட்டை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்துவிட்டு வரவேண்டும். கை எப்படி எழுகிறது, மெல்ல எவ்வளவு நேரம் ஆகிறது, இருமல் வருகிறதா, எல்லாம்.

இதற்குக் காரணம் உண்டு. விழுங்குவது கஷ்டமாகத் தொடங்கினால் வயிற்றில் சின்னத் துளை போட்டு ஒரு குழாய் வைக்கலாம். அதன் வழியாகவே உணவு கொடுத்துவிடலாம். சட்டை போட்டுக்கொண்டால் வெளியே தெரியாது. ஆனால் அதை மூச்சுக்குத் தெம்பு இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். காலம் தாண்டிவிட்டால் படுக்க வைத்து மயக்க மருந்து கொடுக்க டாக்டர்கள் தயங்குவார்கள். அப்புறம் மூக்கு வழியாக விடும் குழாய்தான். அது ராப்பகலாக முகத்திலேயே பிளாஸ்திரியோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். தெருவே பார்க்கும்.

இந்த நிலையில்தான் பட்டைகள் வந்தன. இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொன்று, கணுக்காலில் ஒன்று. கை கால் அசைவதையெல்லாம் ஃபோன் மூலமாக எங்கள் கணினிக்கு அனுப்பிவிடும். திரையில் கோடாக வரும். கை வாய்க்குப் போய்த் திரும்புவது ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கோடு சீப்புப் பல் மாதிரி வரிசையாகத் தெரியும். நோயாளி வீட்டில் என்ன செய்கிறார் என்பதை ஆஸ்பத்திரியில் உட்கார்ந்தபடி பார்ப்பது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. உண்மையாகச் சொன்னால் சௌகரியமாகவும் இருந்தது. சயான் ஸ்டேஷனில் இறங்கி வெயிலில் நடந்து, சந்து சந்தாக நுழைந்து, இரும்பு ஏணி ஏறி முட்டி தேய்ந்தவளுக்கு அது எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

செல்லத்துரை அண்ணாச்சிக்கும் பட்டை கட்டினேன். திருநெல்வேலிப் பக்கம். தாராவியில் தோல் பை தைக்கும் கார்கானா வைத்திருந்தார். கீழே தையல் மிஷின்கள், மேலே ஒரே அறையில் சமையல், சாப்பாடு, குடித்தனம். பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. அவரும் மனைவி பேச்சியம்மாளும்தான். வலது கையில்தான் நோய் தொடங்கியிருந்தது. கத்தரி நழுவுகிறது என்று வந்தவர்.

பட்டையை மாட்டிவிட்டு இருவருக்கும் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். தசை இறுகாமல் இருக்க, பேச்சியம்மாள் தினமும் அவர் கையைப் பிடித்து அசைத்துவிட வேண்டும். எப்படிப் பிடிப்பது என்றும் காட்டினேன். ஒரு கை முழங்கைக்கு அடியில், ஒரு கை மணிக்கட்டுக்கு அடியில். இழுக்கக்கூடாது, தாங்க வேண்டும். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள்.

"இந்த நேரத்துல மட்டும் பட்டையைக் கழட்டி வெச்சுடணும் பேச்சி. அவரா அசைச்சாரா, நீ அசைச்சியான்னு அதுக்குத் தெரியாது" என்றேன்.

"வெளங்குதுக்கா. எக்சசைசு முடிஞ்ச பொறவு மாட்டி உட்டுருதேன்."

சொன்னபடியே செய்தாள். திரையில் தினமும் காலையில் அந்த இடைவெளி சுத்தமாகத் தெரியும். பட்டையைச் சாப்பாட்டு நேரத்திலும் கழற்ற வேண்டியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. யாருக்குத் தோன்றும்?

மாதங்கள் போயின. அண்ணாச்சியின் இடது கை, கால் கோடுகள் மெதுவாக இறங்கின. வலது கை மட்டும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அதே சீப்புப் பல். சொல்லப்போனால் பல் கூடியிருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் சரிகிறபோது இவருக்கு நிற்கிறதே என்று டாக்டருக்கும் சந்தோஷம். "நேர்ல ஒருதரம் பார்த்துட்டு வந்துடு" என்று என்னை அனுப்பினார்.

சட்டப்படி சாப்பாட்டு நேரத்துக்கே போனேன். அந்தக் கார்கானாவில் ஒரு வழக்கம் இருந்தது. தைக்கிற ஆட்கள் எல்லோரும், திருநெல்வேலிக்காரர்களும் பிகார்க்காரர்களுமாக, மேலே ஏறி வந்து இரண்டு வரிசையாக உட்காருவார்கள். ஒரே பானைச் சோறு, ஒரே குழம்பு. அண்ணாச்சி முதல் கவளத்தை வாயில் போட்ட பிறகுதான் மற்றவர்கள் தட்டில் கை வைப்பார்கள். முன்பொரு நாள் காரணம் கேட்டிருந்தேன்.

"நான் வேல பாத்த எடத்துல மொதலாளிக்குத் தனிச் சாப்பாடு மேடம். எங்களுக்கு ஊசிப்போனதுதான் வரும். இங்க அப்படி இல்ல. ஊசிப்போச்சுன்னா மொதல்ல என் நாக்குல படட்டும்" என்றார்.

அன்றைக்கும் எல்லோரும் உட்கார்ந்தார்கள். எனக்குச் சுவரோரம் ஒரு ஸ்டூல். பேச்சியம்மாள் பரிமாறிவிட்டு அவர் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்தாள். சோற்றைக் குழையக் குழையப் பிசைந்தாள். அவர் விரல்களைக் கூட்டி, அதில் கொஞ்சம் சோற்றை வைத்தாள். பிறகு ஒரு கையை அவர் முழங்கைக்கு அடியில் கொடுத்தாள், மறு கையை மணிக்கட்டுக்கு அடியில். நான் சொல்லிக்கொடுத்த அதே பிடி. இழுக்காமல் தாங்கி, அவர் கையை அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். மணிக்கட்டில் கறுப்புப் பட்டை அதுபாட்டுக்கு இருந்தது.

வரிசையில் இருந்த ஒருவர்கூட நிமிரவில்லை. அத்தனை பேரும் தங்கள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் கவளம் உள்ளே போனது எப்படித்தான் அவர்களுக்குத் தெரிந்ததோ, எல்லாக் கைகளும் ஒன்றாகச் சோற்றில் இறங்கின.

அண்ணாச்சியின் கண் ஒரு நொடி என் பக்கம் வந்தது. அந்தப் பார்வையை நான் என்னவென்று சொல்வேன்? இரண்டு வரிசை ஆட்களுக்குச் சோறு போடுகிற மனுஷர், குழந்தை மாதிரி ஊட்டப்படுவதை அன்றுவரை வெளியாள் ஒருத்தி பார்த்ததில்லை. எனக்கு உடம்பே கூசிவிட்டது. சாப்பிடுகிறவர் வாயைப் பார்க்காதே என்று எங்கள் வீட்டில் கன்னத்தில் இடித்து வளர்த்தவர்கள் எல்லோரும் என் கழுத்தைப் பிடித்துத் திருப்பியது போலிருந்தது. நான் தலையைத் திருப்பிக்கொண்டேன். சுவரில் ஒரு காலண்டர் தொங்கியது. சாப்பாடு முடியும்வரை அந்தக் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் இருமல் கேட்டது. ஒரு தடவை இல்லை, பல தடவை. ஆட்கள் எல்லோரும் சாப்பிட்டு எழுந்து கீழே போய் மிஷின்கள் ஓடத் தொடங்கிய பிறகும் பேச்சியம்மாள் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டிக்கொண்டே இருந்தாள். கவளம் சின்னதாகிவிட்டதால்தான் சீப்புப் பல் கூடியிருக்கிறது என்பது எனக்கு அங்கேயே, காலண்டரைப் பார்த்தபடியே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று சொன்னால் அது பொய்.

திரும்பி வரும்போது ரயிலில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்றைக்கு மட்டும் களைப்பாக இருந்திருக்கலாம். தினமுமா ஊட்டப் போகிறாள்? ஒரு புருஷன் பெண்டாட்டி சமாசாரத்தை அத்தனை டாக்டர்கள் நடுவில் போட்டு உடைப்பதா? அடுத்த தடவை பார்த்துக்கொண்டு சொல்லலாம். மாட்டுங்கா வருவதற்குள் என் மனசு எனக்குச் சாதகமாகத் தீர்ப்பு எழுதிவிட்டது.

மீட்டிங்கில் திரையில் அண்ணாச்சியின் கோடு வந்தது. "சாப்பாடு எப்படி?" என்று கேட்டார் டாக்டர் நீலகண்டன்.

"கை வாய்க்குப் போறது சார்" என்றேன்.

இதில் பொய் ஒரு எழுத்துகூட இல்லை. கை வாய்க்குப் போனதுதானே! பார்த்ததா கேட்டதா என்று அவர் கேட்பார், கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கடிகாரத்தையும் கழற்றவில்லை. கோடுதான் எதிரே திரையில் இருந்ததே. "குட். அப்ப அடுத்த ரிவ்யூ மெதுவா வெச்சுக்கலாம், அவரை இங்க இழுத்தடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளிக்குப் போனார். நான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிவ்யூ வருவதற்குள் அண்ணாச்சி மூச்சுத் திணறலோடு வந்து சேர்ந்தார். சாப்பாடு புரையேறி நுரையீரலுக்குள் போய்ச் சளி கட்டியிருந்தது. ஆள் பாதியாகியிருந்தார். சளி குணமானதும் மூச்சை ஊதச் சொல்லிச் சோதித்தோம். ஊத முடியவில்லை. வயிற்றில் குழாய் வைக்கும் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, "இப்ப மயக்கம் கொடுத்தா தாங்கமாட்டார். கொஞ்சம் முன்னாடியே அனுப்பியிருக்கலாமே" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அன்று சாயங்காலம் மூக்கில் குழாய் விட்டார்கள். பிளாஸ்திரி ஒட்டும்போது அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். ஓடிப்போய் எங்கேயாவது ஒளிந்துகொள்ள மாட்டோமா என்றிருந்தது.

டாக்டர் நீலகண்டன் என்னை அறைக்குக் கூப்பிட்டார். கடிகாரத்தைக் கழற்றிக் குப்புற வைத்தார்.

"அந்தம்மா சொல்றா, ரொம்ப நாளா அவதான் கையைத் தூக்கி ஊட்டறாளாம். நீ போயிருந்தியே. பார்த்தியா?"

"பார்த்தேன் சார்."

"பார்த்தியா, கேட்டியா?" அவரால் நம்ப முடியவில்லை.

"ரெண்டும்தான் சார். கையைப் பார்த்தேன், இருமலைக் கேட்டேன். சாப்பிடற மனுஷரை எப்படிப் பார்க்கறதுன்னு தலையைத் திருப்பிண்டுட்டேன். அதுக்கப்புறம் சொல்லவும் இல்லை."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். அவர் கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டார். வார் ஓட்டையில் மாட்ட வெகுநேரம் பிடித்தது. "நானும் அன்னிக்குக் கேட்கலை" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு பட்டைக் கோட்டோடு யார் வந்தாலும் முதலில் திரையை அணைக்கச் சொல்ல ஆரம்பித்தார். எனக்கு அது ஒரு ஆறுதலாகவும் இல்லை.

அண்ணாச்சி வீட்டுக்குப் போன பிறகு ஒரு நாள் நான் தாராவிக்குப் போனேன். ஆஸ்பத்திரி அனுப்பவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று போனேன். பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டே போன வார்த்தையெல்லாம் ஏணி ஏறும்போதே மறந்துவிட்டது.

"அண்ணாச்சி, அன்னிக்கு பேச்சி உங்க கையைத் தூக்கினதை நான் பார்த்துட்டேன். டாக்டர்கிட்ட சொல்லாம விட்டுட்டேன். சொல்லியிருந்தா வயத்துலயே குழாய் வெச்சிருக்கலாம். இப்படி முகத்துல வந்திருக்காது" என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவருக்கு அப்போது பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. பதில் சொன்னது பேச்சியம்மாள்தான்.

"நீங்க பாத்தது எங்களுக்குத் தெரியும்லாக்கா? தலையத் திருப்பிக்கிட்டிய. அன்னைக்குப் பூரா இவுக அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தாவ. அந்த மேடம் மானம் மரியாத தெரிஞ்சவ, நம்மளக் கேவலமா நெனைக்கலன்னு."

பத்துப் பேர் முன்னால் நிறுத்தி அறைந்திருந்தால்கூட எனக்கு அப்படி வலித்திருக்காது. நான் அவருக்குச் செய்த கெடுதலை அவர்கள் நல்லதென்று எடுத்து வைத்திருந்தார்கள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அங்கே அழுவதற்கு எனக்கு என்ன உரிமை இருந்தது?

மத்தியானம் ஆகிவிட்டது. ஆட்கள் மேலே வந்து இரண்டு வரிசையாக உட்கார்ந்தார்கள். "சாப்பிட்டுத்தான் போணும்" என்று பேச்சியம்மாள் என்னையும் வரிசையில், அண்ணாச்சிக்கு நேர் எதிரே உட்கார்த்தித் தட்டில் சோறு போட்டாள். பிறகு கஞ்சியைச் சிரிஞ்சில் எடுத்து, மூக்குக் குழாயில் மெதுவாக விட்டாள். எல்லோரும் பழையபடி தலையைக் குனிந்திருந்தார்கள். நான் குனியவில்லை. குழாயில் கஞ்சி இறங்குவதை, பிளாஸ்திரிக்கு அடியில் தோல் சிவந்திருந்ததை, அவர் கை மடியில் அசையாமல் கிடந்ததை, எல்லாவற்றையும் பார்த்தேன். அவரும் என்னைப் பார்த்தார்.

முதல் சிரிஞ்சு இறங்கியதும், "மொதலாளி சாப்ட்டாச்சு" என்றாள் பேச்சியம்மாள். எல்லாக் கைகளும் சோற்றில் இறங்கின.

என் கை மட்டும் எழவில்லை. ஒரு நோயும் இல்லாத கை, தட்டு ஓரத்தில் அப்படியே இருந்தது. அண்ணாச்சி ஏதோ குழறினார். எனக்குப் புரியவில்லை. பேச்சியம்மாளுக்குப் புரிந்து சிரித்துவிட்டாள்.

"இவுக கேக்காவ, ஒங்க கையையும் நான்தான் தூக்கி உடணுமான்னு."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் சோற்றைப் பிசைந்தேன். ஒரு கவளம் எடுத்து வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் பார்வையை எடுக்கவில்லை. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.